சைலன்ஸர் அக்காவும் மூன்று பாயிண்டும்

என் அண்ணிக்கு, அண்ணனின் வண்டி ரிப்பேர்ப் பட்டறையில், சைலன்ஸர் அக்கா என்று பேர். அந்தப் பேரை வைத்தவன் யாரென்று அவளுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அவன் ஊரைவிட்டே போயிருப்பான். அவள் வாயைத் திறந்தால் எதிர் வரிசை டயர்க் கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார். கேட்டைச் சாத்தாமல் போனால் கோபம், சாத்தினால் ஏன் அவ்வளவு சத்தமாகச் சாத்தினாய் என்று கோபம். சேறும் சகதியுமாக வண்டியைக் கொண்டுவருகிறவரிடம், "உங்க சேறு எங்களுக்கு எதுக்குங்க? கழுவி வீட்டுல வெச்சுட்டு வாங்க" என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே போய்க் கழுவிவிட்டு வருவார். நான் அவளுக்கு நாத்தனார். எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நானும் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் இல்லை. வீட்டுக்காரரோடு ஒத்துவராமல் பிரிந்து வந்த பிறகு வேன் ஓட்டிப் பிழைக்கிறவள் நான். ஆஸ்பத்திரி நர்ஸ்களை ஷிஃப்டுக்கு ஏற்றிப் போய் இறக்குவது என் வேலை. ரோட்டில் நாலு பேரைத் திட்டாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. இதை எழுதும்போதுகூட என் அண்ணன் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால் எழுத வந்தது அண்ணியைப் பற்றி.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்குப் பட்டறை என்பது மதியச் சாப்பாடு கொண்டுபோய் வைக்கிற இடம், அவ்வளவுதான். ஒருநாள் ஒரு மெக்கானிக் பாதி இஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான். அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அண்ணி சாப்பாட்டுக் கேரியரைக் கீழே வைத்தாள், புடவையை இழுத்துச் செருகினாள், டீசல் டிரேயில் கையை விட்டு உதிரிகளைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்குக் கழுவ ஆரம்பித்த கை பிறகு நிற்கவே இல்லை. கழுவினாள், அடுக்கினாள், எது எங்கே போகும் என்று பார்த்துப் பார்த்துப் பழகினாள், கடைசியில் இஞ்சினின் அடிப்பாகத்தைக் கோப்பது முழுக்க அவள் வேலை என்று ஆனது.

அடிப்பாகம் என்றால் கிராங்க். இஞ்சினின் அடியில் சுற்றுகிற கனமான தண்டு அது. சும்மா இரும்பு மேல் இரும்பாக அது உட்காராது. வழவழப்பான அரைவட்டப் பேரிங்குகளுக்கு நடுவே, மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதந்துகொண்டு சுற்றும். அந்தப் படலத்துக்கு இடம் விட வேண்டும். இடம் கூடிப்போனால் இஞ்சின் தட்டும். குறைந்துபோனால் எண்ணெய் நுழைய வழியில்லாமல் பேரிங் சூடேறி, உருகி, தண்டைப் பிடித்துக்கொள்ளும். மில்லிமீட்டரை நூறு துண்டாக்கினால் ஒரு துண்டுக்குப் பட்டறையில் பாயிண்ட் என்று பேர். என் வேனுக்கு விட வேண்டிய இடம் இரண்டு பாயிண்டிலிருந்து ஐந்துக்குள்.

கோப்பது அண்ணி, அளப்பது அண்ணன். அளவு அவனுடைய ராஜ்யம். வில் மாதிரி வளைந்த சட்டத்துக்குள் சாமானைக் கவ்வி அளக்கிற மைக்ரோமீட்டர் ஒன்று வைத்திருந்தான். பிளானல் துணி சுற்றி, மரப்பெட்டியில் போட்டு, மேல்தட்டில் வைத்திருப்பான். வாடிக்கையாளர் நிற்கும்போது அதை இறக்கித் தண்டை அளந்து, எண்ணை உரக்கப் படிப்பான். பேரிங்கின் உள்ளளவு அது வந்த அட்டைப்பெட்டி மேல் அச்சடித்திருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, "நாலு பாயிண்ட். வெண்ணெய் மாதிரி ஓடும்" என்பான். அண்ணி அந்த மைக்ரோமீட்டர்ப் பெட்டியைத் தொட்டதில்லை. "அதுல உன் கைபடக் கூடாது, நாசூக்கான சாமான்" என்று சொல்லிவைத்திருந்தான். இத்தனைக்கும் நாசூக்குக்கும் என் அண்ணனுக்கும் ஏழாம் பொருத்தம். கையில் எது கிடைக்கிறதோ அதுதான் அவனுக்குக் கிளாம்ப். அண்ணியின் அடுப்படி இடுக்கியை எடுத்துப்போய் பேட்டரி வயரைக் கவ்வ வைத்தான். அவள் துணி காயப்போடுகிற கிளிப்பெல்லாம் ரேடியேட்டர் ஹோஸில் தொங்கும்.

என் வேன் புகை தள்ள ஆரம்பித்ததும் இஞ்சினை இறக்கி எல்லாம் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். கிராங்கைக் கிரைண்டிங் பட்டறைக்கு அனுப்பித் தேய்த்து வாங்கி, அதற்கேற்ற பேரிங் போட்டு மூடினார்கள். கொஞ்ச நாள்தான் ஓடியது. ஆஸ்பத்திரி மேம்பாலத்தின் ஏற்றத்தில், நர்ஸ்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே, கடகடவென்று தட்டி நின்றுவிட்டது. கட்டி இழுத்து வந்தோம். அண்ணன் பிரித்தான். பேரிங்குகள் கருகிப்போய்க் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்தான்.

"ஆயில் இல்லாம ஓட்டியிருக்கா."

"தினமும் பாக்கறேன்ணா!"

"பாத்தா ஏன் கருகுது?"

நான் பதில் சொல்வதற்குள் அண்ணி ஆரம்பித்துவிட்டாள். "ஆயில் பாக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு வண்டி? பொம்மை வாங்கி விளையாட வேண்டியதுதானே? ராப்பகலா உக்காந்து கோத்தது நானு!"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நானும் விடவில்லை. டயர்க் கடைக்காரர் ரேடியோவை அணைத்தார் என்று மட்டும் சொல்கிறேன், என்ன பேசினோம் என்று எழுதினால் அச்சில் ஏறாது.

இரண்டாவது முறை கிராங்கை இன்னும் ஒரு சுற்றுத் தேய்த்து, புதுப் பேரிங் போட்டுக் கொடுத்தார்கள். இந்தத் தடவை நான் தினமும் காலையில் ஆயில் குச்சியை உருவி, துடைத்து, விட்டு, உருவி, கைபேசியில் படம் எடுத்தேன். ஆயில் எப்போதும் மேல்கோட்டில்தான் நின்றது. அப்படியும் அதே மேம்பாலம், அதே சத்தம். படங்களை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினேன். "படம் எடுக்க ஊத்தியிருப்பே, எடுத்ததும் மறந்திருப்பே" என்றான். கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது?

அவன் அப்படிப் பேசியதற்குக் காரணம் இருந்தது. வேன் ஸ்டாண்ட் டிரைவர்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். தங்கச்சி வண்டியையே ரெண்டு தரம் கெடுத்தவன், நம்ம வண்டியை என்ன செய்வான் என்று டீக்கடையில் பேச்சு. அண்ணன் காதுக்கு அது போனது. அவன் என்னைக் கூப்பிட்டு ஒரே வார்த்தையில் முடித்தான்.

"ஸ்டாண்ட்காரங்க முன்னாடி நின்னு, ஆயில் பாக்கல, என் தப்புதான்னு சொல்லு. மறுநாளே இஞ்சினை ஏத்தித் தர்றேன். சொல்லலைன்னா வண்டி இங்கேயே கெடக்கட்டும்."

செய்யாத தப்பை ஊர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டுமாம்! அதற்கப்புறம் எந்த டிரைவர் என்னை மதிப்பான்? எந்த ஆஸ்பத்திரி என் வண்டியில் ஆளை ஏற்றும்? முடியாது என்று சொல்லிவிட்டேன். வேன் பட்டறை மூலையில் வயிறு காலியாக நின்றது. ஆஸ்பத்திரியில் வேறு வண்டியைப் போட்டுவிட்டு, மாதக் கடைசி வரை பார்ப்போம் என்றார்கள். வேறு போக்கிடம் இல்லாமல் தினமும் பட்டறைக்குப் போய் என் வேன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். போராட்டம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள் அண்ணி என்னைக் கடந்து போகும்போது, "ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன, வாயில இருக்கற முத்தா உதிந்துடும்?" என்றாள்.

நான் பொறுக்க மாட்டாமல் சொன்னேன். "ஆயில் நான் ஊத்தினேன் அண்ணி. பேரிங் போட்டது யாரு? உங்க கைதானே?"

அவள் நின்றுவிட்டாள். கையில் இருந்த ஸ்பேனர் கீழே விழவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

"என் கையையா சொல்றே?"

"ஆமா."

"என் கையில குத்தம்னு நிரூபிச்சா நான் இந்தப் பட்டறை வாசல மிதிக்க மாட்டேன். உன் ஆயில்தான் குத்தம்னு நான் நிரூபிச்சா நீ இனிமே வண்டி ஓட்டக் கூடாது. சரியா?"

"சரி."

அவள் அளக்கக் கற்றுக்கொள்ளக் கிளம்பியது இப்படித்தான். என்னைப் பொய்க்காரி ஆக்குவதற்காகவே கற்றுக்கொண்டாள். இதை நான் மறைக்கப் போவதில்லை.

உதிரிக் கடையில் இதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் நூல் விற்கிறார்கள். மெழுகு மாதிரி மெத்தென்றிருக்கும். தண்டின் மேல் ஒரு துண்டு வைத்து, பேரிங் மூடியைப் போட்டு முறுக்கிக் கழற்றினால் நூல் நசுங்கிப் பட்டையாகியிருக்கும். கூடவே ஒரு அட்டை தருவார்கள், அதில் கோடுகள் இருக்கும். பட்டை எந்தக் கோட்டோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். பட்டை அகலமாக இருந்தால் இடம் குறைவு, ஒல்லியாக இருந்தால் இடம் அதிகம். கேட்பதற்குச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறது. அண்ணிக்கு அது தண்ணி காட்டியது.

என் கிராங்கில் கருகாமல் தப்பித்த இடம் ஒன்றிரண்டு இருந்தன. அதில் ஒன்றில் புதுப் பேரிங் வைத்தாள். நூலை வைத்தாள், மூடினாள், முறுக்கினாள், கழற்றினாள். நூல் வழுக்கிக்கொண்டு எங்கேயோ ஓரத்தில் கூழாகிக் கிடந்தது. பேரிங் வைத்தால் எண்ணெய் விடுவது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி, தன்னை அறியாமலே விட்டிருந்தாள். உலர்ந்த பேரிங்கில்தான் அந்த நூல் நிற்கும். கடைக்காரன் சொல்லவில்லை என்று கடைக்காரனைத் திட்டினாள்.

மறுபடி துடைத்து, உலரவிட்டு வைத்தாள். மூடி முறுக்கியதும் அவள் கை தானாகத் தண்டைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. எந்த இஞ்சினையும் மூடினால் சுற்றிப் பார்ப்பது அவள் பழக்கம். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால், "புதுசு, ஓட ஓட விட்டுக்கொடுக்கும்" என்பாள். கழற்றிப் பார்த்தால் நூல் வெண்ணெய் தடவின மாதிரி இழுபட்டிருந்தது. இப்போது நூலைத் திட்டினாள், என்னைத் திட்டினாள், டார்ச்சை ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்றாள். ஆமாம், டார்ச் பிடித்தது நான்தான். அவளை நம்பாததால் பக்கத்திலேயே நின்றேன், நிற்கிறவள் சும்மா நிற்பானேன் என்று கையில் திணித்துவிட்டாள்.

கடைசியில் வலது கையால் முறுக்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள், தண்டைத் தொட்டுவிடக் கூடாதே என்று. அப்போதுதான் நூல் ஒழுங்காக நசுங்கியது. அட்டையை வைத்துப் பார்த்தாள். பட்டை அகலமாக, அட்டையின் கடைசிக் கோட்டையும் தாண்டி இருந்தது. இரண்டு பாயிண்ட் குறைந்தபட்சம் வேண்டிய இடத்தில் ஒன்றுகூடத் தேறுமா என்று சந்தேகம்.

நான் வாயைத் திறந்தேன். "பேசாதே" என்றாள். "உங்க அண்ணன் அளந்து நாலுன்னு சொன்னாரு. நூல் பொய் சொல்லுது."

மேல்தட்டிலிருந்து மைக்ரோமீட்டரை அவளே இறக்கினாள். அண்ணன் அப்போது உதிரி வாங்கப் போயிருந்தான், அதற்கப்புறமும் அவன் வெளியே போகிற நேரம் பார்த்தே எடுத்தாள். அவள் முதலில் அளந்தபோது ஒரு எண், அடுத்த தடவை வேறு, மூன்றாவது தடவை இன்னும் வேறு. அவள் கோபத்தில் கட்டைவிரலால் நெரித்துக்கொண்டிருந்தாள். நெரித்தால் அந்தக் கருவி நெரித்த அளவைத்தான் சொல்லும். கையிலேயே வைத்திருந்தால் கைச்சூட்டுக்கும் அசையும். அதன் வாலில் ஒரு குமிழ் இருக்கிறது, அதைப் பிடித்துத் திருகினால் போதுமான அழுத்தத்தில் அதுவே டிக் டிக் என்று வழுக்கிவிடும். அதற்கு மேல் நம் கோபம் அதனுள் போகாது. அண்ணிக்கு அது பிடிபட நாளாயிற்று. குழாயடியில் கையைக் கழுவி ஆறவைத்துவிட்டு வருவாள், இரண்டு விரலால் குமிழைத் தொடுவாள், டிக் டிக் டிக் கேட்டதும் நிறுத்துவாள். வாழ்க்கையில் நான் அவளைச் சத்தமில்லாமல் பார்த்தது அந்த நேரங்களில்தான். குமிழை விட்டதும் பழையபடி ஆரம்பித்துவிடுவாள்.

கை நிதானப்பட்ட பிறகு எத்தனை தடவை அளந்தாலும் ஒரே எண் வந்தது. அண்ணன் சொன்ன அதே எண். அதன்படி பார்த்தால் நாலு பாயிண்ட் இடம். நூலை வைத்தால் ஒன்று. இரண்டில் ஒன்று பொய். என்னைப் பார்த்து, "பாத்தியா, நாலுதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், நிரூபிக்க வந்தது அதைத்தானே. ஆனால் அவள் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. "எவன் பொய் சொல்றான்னு தெரியாம எனக்குச் சோறு எறங்காது" என்றாள். அடுத்த நாள் மைக்ரோமீட்டர்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிக் கிரைண்டிங் பட்டறைக்குப் போனாள். என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அங்கே நடந்தது கிரைண்டிங்காரர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். போனதுமே அவரைப் பிடித்துக்கொண்டாளாம். "ஏன் தண்டைத் தேய்க்காம ஏமாத்துறீங்க?"

அவரும் கோபக்காரர். "அக்கா, இதுக்கு முன்னாடி வந்த வேற வண்டித் தண்டை நான் சரியான அளவுலதான் தேய்ச்சேன். உங்க வீட்டுக்காரர்தான் அவர் மைக்ரோமீட்டரை வெச்சுப் பாத்துட்டு, ரொம்ப ஒல்லியாக்கிட்டே, அடுத்ததுல மூணு பாயிண்ட் பெருசா விடுன்னு சத்தம் போட்டாரு. உங்க வேன் தண்டுக்கு ரெண்டு தரமும் அதேதான். கேட்ட அளவைக் குடுத்தேன்."

பிறகு அவர் தன்னிடம் இருந்த அளவுக் கட்டையை எடுத்தார். அது சுத்தமாக ஐம்பது மில்லிமீட்டர், கருவிகளைச் சோதிக்கவென்றே செய்தது. அண்ணியின் கையில் கொடுத்தார். அவள் குமிழைத் திருகினாள். டிக் டிக் டிக். ஐம்பதுக்கு மூன்று பாயிண்ட் குறைவாகக் காட்டியது. மறுபடி அளந்தாள், மறுபடியும் மூன்று. மைக்ரோமீட்டரின் வளைவு விரிந்துபோயிருக்கிறது, அதனால் எல்லாவற்றையும் மூன்று பாயிண்ட் ஒல்லியாகக் காட்டுகிறது என்றார் அவர். அண்ணி கருவியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாளாம். வளைவின் உள்பக்கத்தில் கடுகளவுக்கு ஒரு வெல்டிங் பொறி உருகி ஒட்டியிருந்தது.

அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடுப்படி இடுக்கியைப் பறிகொடுத்தவள் அவள். சைலன்ஸர் பட்டையோ எதுவோ, வெல்டு வைக்கும்போது கவ்விப்பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் மைக்ரோமீட்டரை மாட்டி நெரித்திருக்கிறான் அந்த மகாராஜன். அப்புறம் துணி சுற்றிப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறான். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை என்றும், அதுதான் தனக்குப் பயமாக இருந்தது என்றும் கிரைண்டிங்காரர் சொன்னார்.

இது ஒன்றும் தெரியாமல் மறுநாள் காலையில் நான் பட்டறைக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள், வண்டி இந்த வாரம் வராவிட்டால் வராமலே இருக்கட்டும் என்று. இரவு முழுக்க அழுதேன், எரிச்சலில்தான் அழுதேன். வயிறு ரோஷத்தை ஜெயித்துவிட்டது. சொல்லித் தொலைத்துவிடலாம் என்று முடிவு பண்ணி, விடியும்போதே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தேன். அண்ணன் டிரைவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான் போல, ஸ்டாண்டில் பாதிப் பேர் டீ கிளாஸோடு வாசலில் நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "சொல்லும்மா. சொல்லிட்டா முடிஞ்சது."

"அண்ணா, நான் வந்து... ஆயில்..."

"வாயை மூடுடி!"

இஞ்சினுக்குப் பின்னாலிருந்து அண்ணி வந்தாள். கையில் மரப்பெட்டி. டயர்க் கடை ரேடியோ நின்றது.

"இவ தினமும் ஆயில் பாத்தா. நான் சொல்றேன். பேரிங்ல இடமே இல்ல, எண்ணெய் எப்படிப் போகும்? குடம் குடமா ஊத்தினாலும் கருகத்தான் செய்யும்." பெட்டியைத் திறந்து மைக்ரோமீட்டரையும், கிரைண்டிங்காரரிடம் இரவல் வாங்கிய கட்டையையும் மேஜையில் வைத்தாள். "யாரு வேணா வந்து அளந்து பாருங்க. மூணு பாயிண்ட் பொய் சொல்லுது இது. வெல்டிங்குக்குக் கிளாம்ப் போட்ட லட்சணம்."

அண்ணன் முகம் கறுத்தது. "எல்லார் முன்னாடியும் என்ன பேச்சு? உள்ள வா, பேசிக்கலாம்."

"எல்லார் முன்னாடியும்தானே இவளைச் சொல்லச் சொன்னீங்க?"

"மூணு பாயிண்ட்தானே? ஒரு தலைமுடிகூட அதைவிடத் தடியா இருக்கும்."

"தலைமுடிகூட இல்லாத இடத்துலதான் உங்க தங்கச்சி வண்டி ரெண்டு தரம் செத்துது. மேம்பாலத்துல, ஆளுங்களை வெச்சுக்கிட்டு!"

ஒருவரும் டீயைக் குடிக்கவில்லை. நான் எழுந்து நின்றேனா உட்கார்ந்தேனா என்று எனக்கே நினைவில்லை. அண்ணி டிரைவர்கள் பக்கம் திரும்பிப் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தாள்.

"பேரிங் போட்டது நான். இறுக்கமா சுத்துதுன்னு என் கைக்குத் தெரிஞ்சுது, ஓட ஓட விடும்னு மூடினேன். அளக்கல. இவளைத் தெருவுக்குக் கேக்கறமாதிரித் திட்டினேன். என் தப்புதான்." என் பக்கம் பார்க்கவில்லை, ஆனால் எனக்குத்தான் சொன்னாள். "பட்டறை வாசல மிதிக்க மாட்டேன்னு பந்தயம் கட்டினேன். இவ இஞ்சினை அளந்து கோத்துக் குடுத்துட்டுத்தான் போவேன், அதுக்கப்புறம் வரலாமா வேணாமான்னு இவ சொல்லட்டும்."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அடுத்து யாருங்க?"

அண்ணன் மைக்ரோமீட்டரைப் பார்த்தான், கட்டையைப் பார்த்தான், தன் செருப்பைப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. "என் தப்புதான்."

"கேக்கல" என்றாள் அண்ணி. "இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கேட்டுப் பக்கம் நிக்கறவங்களுக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுங்க."

பட்டறையில் அப்போது எந்த இஞ்சினும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.